தூக்கி நிறுத்திய காரை எப்படி இறக்குவது?

1974-ம் ஆண்டு தொடக்கத்தில் வந்த எம்ஜிபி காரையும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்ததையும் அருகருகே நிறுத்துங்கள். கார்களைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும். முதல் கார் தரையை ஒட்டிப் பதுங்கியிருக்கும். இரண்டாவது, மழைத்தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்போல இருக்கும்.

சிட் எனெவர் தலைமையில் வடிவமைத்து, இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962-லிருந்து 1980 அக்டோபர் வரை தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார் இது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்கும் பம்பர் வேண்டும், பம்பரும் முகப்பு விளக்கும் இன்ன உயரத்தில் இருக்கவேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. காரின் முன்பகுதியைப் புதிதாக வரைந்திருக்கலாம். காரைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் அதைச் செய்யவில்லை. கனமான கறுப்புப் பம்பர்களை மாட்டி, காரையே ஓர் அங்குலத்துக்கும் அதிகமாக உயர்த்திவிட்டது. போதாததற்கு, 1975-ல் அமெரிக்காவுக்குப் போன கார்களில் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் கழற்றிவிட்டது. வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் பொருத்திச் சாய்வைக் குறைத்தார்கள். உயரம் மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது.

ஓர் அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எடையின் மையம் மேலே போனால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள்மீது விழும் பாரம் கூடும். சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறினால், சக்கரம் தரையில் பதியும் விதமும் மாறும். அதனால் இந்தக் காரின் உயரத்தைச் சரிசெய்வதை நான் அலங்கார வேலையாகப் பார்க்கவில்லை. சட்டத்துக்காகக் கெடுத்ததை வடிவமைத்தவரின் கணக்குக்குத் திருப்பும் வேலை அது. அந்தக் கணக்குக்குக் கீழே ஒரு நூல்கூட இறக்கவேண்டாம்.

முதலில் அளக்கவேண்டும். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்புவரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். இடதும் வலதும் ஒத்துவராவிட்டால், இறக்கும் பேச்சை ஒத்திவைத்துத் தளர்ந்த ஸ்பிரிங்கைத் தேடுங்கள்.

முன்பக்கத்துக்கு இரண்டு வழிகள். குட்டையான ஸ்பிரிங் போடுவது எளிது. ஆனால் கீழ்க்கைகளின் கோணம் மாறும், முட்டுரப்பருக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரே குறுக்குச்சட்டத்தில் அமர்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நான்கு நீண்ட போல்ட்டுகள் பாடியோடு பிடித்திருக்கின்றன. ஆலை காரை உயர்த்தியதே இந்தக் குறுக்குச்சட்டத்தை மாற்றித்தான். ஆகவே கறுப்புப் பம்பருக்கு முந்தைய, குரோம் பம்பர் காரின் குறுக்குச்சட்டத்தைத் தேடி மாட்டினால், கைகளின் கோணம் கெடாமல் கார் இறங்கும். ஸ்டீயரிங் ரேக்கும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், ஸ்டீயரிங் தண்டு நேராக வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். வேலை அதிகம்தான். பலனும் அதிகம்.

பின்பக்கம் இருப்பது பட்டை ஸ்பிரிங். நம் வில்வண்டிக்குப் பெயர் கொடுத்த அதே வில். அச்சுக்கும் வில்லுக்கும் இடையே உலோகக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டுகளால் இறுக்கினால் கார் இறங்கும். வில்லே ஓய்ந்துபோயிருந்தால் கட்டையால் பயனில்லை. குரோம் பம்பர் கார்களுக்கான புது வில்லை மாட்டுவதுதான் முறை.

நல்ல மெக்கானிக்குகளும் தவறும் இடம் ஒன்று உண்டு. கார் ஜாக்கியில் தொங்கும்போதே சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுவார்கள். சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் பிடித்துக்கொள்கிறது. காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, தானே ஒரு ஸ்பிரிங்போல பாடியை மேலே தள்ளும். அளவு பொய்யாகும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரங்களைத் தரையில் ஊன்றி, காரைச் சில முறை அமுக்கி ஆட்டிய பிறகே இறுக்கவேண்டும்.

புது ஸ்பிரிங் படிய அவகாசம் கொடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து, வீல் அலைன்மென்ட்டையும் விளக்கின் குறியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும், அல்லது தீயில் காட்டினால் தானே இறங்கும் என்று சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் விறைத்துப்போகும். தீயில் காட்டியது வலுவிழக்கும். அதை நம்பி வளைவில் திரும்பப்போவது நீங்கள்தான்.