காற்றினும் கனத்த வாயுக்கள்

கொடிகாமத்திலிருந்து கண்டி வீதி வழியே புறப்பட்டு, பளையையும் ஆனையிறவையும் கடந்து பரந்தனை அடைகின்ற பிரயாணிகளுள், இந்நாட்டின் நீர்ச் சுத்திகரிப்புக்கு வேண்டிய குளோரீன் வாயுவை ஒரு காலத்தில் அவ்வூர்த் தொழிற்சாலையே உற்பத்தி செய்து வழங்கிற்று என்பதை அறிந்தோர் இன்று சிலரே. ஆனையிறவு உப்பைக் கரைத்த நீரினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் ஐதரசனும் பிறக்கும். அந்த எளிய இரசாயன விதியை ஆதாரமாகக் கொண்டு 1950-களில் எழுந்த அத்தொழிற்சாலையின் உற்பத்தி யுத்தகாலத்தில் நின்றுபோயிற்று. குளோரீனின் தேவையோ நிற்கவில்லை. குழாய்நீரைச் சுத்தி செய்யும் பொருட்டு இறக்குமதியாகும் அவ்வாயு, சிலிண்டர்களுக்குள் திரவமாய் அடைபட்டு, நம் பெருவீதிகளில் பயணஞ் செய்துகொண்டுதான் இருக்கிறது.

வாயு என்ற மாத்திரத்தில் ‘தீப்பிடிக்கும்’ என்று அஞ்சுவதும், தீப்பிடிக்காததாயின் அபாயமில்லை என்று அலட்சியஞ் செய்வதும் நம்மவர் வழக்கம். குளோரீன் எரிவதில்லை, ஆனால் பத்து இலட்சம் பங்கு காற்றிலே பத்துப் பங்கு கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்சுகாதார நிபுணர் கணிக்கின்றனர். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடையதாகலின், கசிந்தால் மேலெழுந்து கலையாமல் நிலத்தோடு படர்ந்து, பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் கிணறுகளிலும் இறங்கித் தங்கும். தென்மராட்சி போன்ற சமதரையில் மேடு தேடி ஓடுவதற்கு இடமேது? இங்கே காற்றின் திசையே வழிகாட்டி. சோளகம் வீசுங் காலத்தில் வாயு வடகிழக்கு நோக்கிச் செல்லுமாதலால், அதன் பாதையிலுள்ளோர் அதற்கு முன்னே ஓடாமல், வடமேற்காகவோ தென்கிழக்காகவோ குறுக்கே விலகுதல் வேண்டும். வாடைக் காலத்தில் வாயுவின் போக்கு மாறினும், குறுக்கே விலகும் விதி மாறாது.

கசியும் குளோரீன் சிலிண்டரின்மீது தண்ணீரை ஊற்றலாகாது என்பதைப் பலர் நம்ப மறுப்பர். ஈரத்தோடு கூடிய குளோரீன் இரும்பை விரைவாக அரித்துத் துவாரத்தைப் பெருக்கிவிடும் என்பதே காரணம். பயிற்சி பெற்ற ஊழியர், பாதுகாப்புச் சுவாசக் கருவியணிந்து, துவாரம் மேற்பக்கம் அமையுமாறு சிலிண்டரைத் திருப்பிவைப்பர். ஒரு பங்கு திரவம் வெளிவந்து விரிந்தால் நானூறு பங்குக்கு மேற்பட்ட வாயுவாகுமாதலின், திரவம் ஒழுகுவதைவிட வாயு மாத்திரம் கசிவது எவ்வளவோ மேல். இதே வாயு நம் வீடுகளிலும் பிறக்கக்கூடும்: வெள்ளத்தின் பின் கிணற்றுக்கு இடும் வெளிற்றும் தூளை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு கலப்பவர், கதவடைத்த அறைக்குள்ளே தமக்குத் தாமே ஒரு விஷவாயுச் சாலையைத் தொடக்கிவிடுகிறார்.

சமையல் எரிவாயுவும் காற்றினும் கனத்ததே. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் வீட்டு அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தபோது, பேராசிரியர் சாந்த வல்பொலகேயின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, சிலிண்டரினுள் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாறியமையைப் பிரதான காரணமாகக் கண்டது. புரொப்பேன் மிகும்போது சிலிண்டரின் உள்ளமுக்கமும் மிகும். பழைய குழாய்களும் ரெகுலேட்டர்களும் அதனைத் தாங்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. கசிவை மூக்குக்கு உணர்த்தவே மெர்கப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை அவ்வாயுவிற் சேர்க்கிறார்கள். அந்நாற்றம் எழுந்தால் கதவு யன்னல்களைத் திறப்பதே முதற்காரியம். மின்விசிறியைப் போடுவதும், விளக்கின் சுவிட்சைத் தட்டுவதும் சிறு பொறியை எழுப்பி விபரீதத்தில் முடியும்.

வெல்டிங் பட்டறைகளில் வேறொரு சோடி உண்டு. அசற்றலீன், சிலிண்டரினுள்ளே அசற்றோன் திரவத்திற் கரைந்த நிலையில் இருப்பது. படுக்கவைத்து உபயோகித்தால் அத்திரவமும் கூடவே வெளிவரும். பிராணவாயுச் சிலிண்டரின் வாய்க்கு எண்ணெயோ கிறீஸோ இட்டால் அது தானே தீப்பற்றும். உயிர் காக்கும் வாயுவாயிற்றே என்று அதனிடம் சலுகை எதிர்பார்த்தல் பேதைமை.

எல்லாவற்றினும் கொடியது, வீழ்ந்தவனை மீட்க இறங்குகிறவனின் மரணம். 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டிய இறப்பர் தொழிற்சாலையின் அமோனியாக் குழியில் ஒரு தொழிலாளி விழ, அவரைக் காப்பாற்றப் போனோரும் சேர்ந்து ஐவர் மாண்டனர். நீர்மட்டம் தாழும் கோடையில் மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவோருக்கும் இதே கதி நேரலாம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விளக்கேற்றி இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை பிராணவாயுக் குறைவை மாத்திரமே காட்டும். காபனோரொட்சைட்டு நிறைந்த கிணற்றிலும் சுடர் நின்றெரியும். முகத்தில் ஈரத்துணி கட்டுவதாலும் பயனில்லை. உள்ளே ஒருவர் மயங்கினால், இயலுமாயின் மேலிருந்தபடியே இயந்திரத்தை நிறுத்தி, அயலாரைக் கூவியழைத்து, 1990 என்னும் அம்புலன்ஸ் சேவை இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவருக்குச் சிறிதேனும் நினைவிருப்பின் பற்றிக்கொள்ளக் கயிற்றை இறக்குக. சுவாசக் கருவியோடு வருவோர் வருமளவும் கிணற்றுக்குள் எவரையும் இறங்க விடலாகாது, அவர் விழுந்தவரின் தமையனே ஆயினும்.