புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம்

புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம் என்பது 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, கிராமப்புறப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நிகழ்வாகும். முதலில் கற்றுக்கொண்ட பெண்களே அடுத்து வந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தது இதன் சிறப்பாகும்.

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. வறண்ட நிலமும் கல் குவாரிகளும் மிகுந்த பகுதி இது. கிராமங்களுக்கு இடையே தூரம் அதிகம். பேருந்து வசதியோ குறைவு. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுப் பணியோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். அறிவொளித் தொண்டர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்ததும், பெண்கள் பிறரை எதிர்பாராமல் வெளியே சென்றுவர வேண்டும் என்ற எண்ணமும் இதற்குக் காரணங்கள். மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது.

புதிதாகக் கற்பவரின் தடைகள்

மிதிவண்டி மெதுவாகச் செல்லும்போதுதான் எளிதில் சாயும். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைத் திருப்பினால் சமநிலை திரும்பும். ஆனால் புதியவர் அச்சத்தில் எதிர்ப்பக்கம் திருப்புவார், விழுவார். அதனால்தான் பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஒருவர் கூடவே ஓடிவருவது வழக்கம். உடல் பழகும் வரை தாங்கிப் பிடித்து, பழகியதும் சொல்லாமல் கையை விட்டுவிடுவார்.

தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு இந்தப் பயிற்சி இயல்பாகவே கிடைத்தது. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் 'குரங்கு பெடல்' போட்டுப் பழகினார்கள். அண்ணனோ நண்பனோ கேரியரைப் பிடித்தான். பெண்களுக்கு அப்படிப் பிடிக்க ஆள் இல்லை. சேலை கட்டிய பெண் சைக்கிள் மிதிப்பதைக் கேலி செய்யவே பலர் இருந்தனர். தொடக்கத்தில் ஆபாசமான ஏச்சுகளையும் அவர்கள் கேட்க நேர்ந்தது.

கற்றவரே கற்பித்தல்

இந்தத் தடையை இயக்கம் பயிற்சி முகாம்கள் மூலம் கடந்தது. முகாமில் எல்லோருமே புதியவர்கள் என்பதால், விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்க யாருமில்லை. நேற்று விழுந்து எழுந்தவரே இன்று பயிற்சியாளராக நின்றதால், புதியவரின் அச்சம் அவருக்குப் புரிந்தது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கப்படவில்லை. சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிய பாடல்களும் ஊக்கம் தந்தன.

பெண்களுக்கான சைக்கிள்கள் போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிள்களிலேயே பலர் பழகினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அவற்றையே விரும்பியவர்களும் உண்டு. விவசாயத் தொழிலாளர், குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் இவ்வாறு கற்றனர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பேருந்துக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருப்பது குறைந்தது.

1992 ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில், கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் சென்றனர். இவ்வியக்கத்தை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகக் குறிப்பிடுகிறார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளைத் தவிர்த்தால், இது மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். அவரது கட்டுரை 1996 இல் நூலில் இடம்பெற்றது. பின்னர் அதன் இந்தி வடிவம் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் சேர்க்கப்பட்டது.

உலக ஒப்பீடு

அமெரிக்கச் சமூக சீர்திருத்தவாதி ஃபிரான்சிஸ் வில்லார்ட், தமது 53 ஆவது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றார். அந்த அனுபவத்தை 1895 இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அவருக்கும் நண்பர்கள் வண்டியைத் தாங்கிப் பிடித்து உதவினர். வசதி படைத்த ஒருவருக்குக் கிடைத்த அந்த உதவியை, புதுக்கோட்டையில் கூலி வேலை செய்த பெண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டனர்.

முக்கியத்துவம்

2001-02 இல் தமிழ்நாடு அரசு, மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் இத்திட்டம் பிற மாணவ, மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று மாணவிகள் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குச் செல்வது கிராமங்களில் வியப்புக்குரிய காட்சி அல்ல. ஆயினும் வண்டி கையில் கிடைப்பது மட்டும் ஒருவரை ஓட்டுநர் ஆக்கிவிடாது. புதியவரைக் கேலி செய்யாமல், பழகும் வரை கேரியரைப் பிடித்துக் கூடவே ஓடிவரும் ஒருவரும் தேவை என்பதைப் புதுக்கோட்டை அனுபவம் காட்டுகிறது.