உயிரியல் பூங்காவின் உயர்வு எதில்?

நடுவண் உயிரியல் பூங்கா ஆணையம் நாட்டின் பூங்காக்களை மதிப்பிட்டு 2022 செப்டம்பரில் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா 83 விழுக்காடு பெற்று அதில் முதலிடத்தில் நின்றது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 82 விழுக்காட்டோடும், மைசூருப் பூங்கா 80 விழுக்காட்டோடும் அடுத்து வந்தன. வண்டலூரின் பரப்பு ஏறத்தாழ 600 எக்டர்; டார்ஜிலிங் பூங்காவோ மலைச்சரிவில் அமைந்த 27 எக்டர் நிலம். யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் அங்கே தேடிப் பயனில்லை. பரப்பும் விலங்குகளின் தொகையும் ஒரு பூங்காவின் தரத்தை முடிவுசெய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1958இல் தொடங்கப்பெற்ற டார்ஜிலிங் பூங்கா, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. சிவப்புப் பாண்டா, பனிச்சிறுத்தை, திபெத்திய ஓநாய், இமயமலை நீர்ப்பல்லி எனத் தன் குளிருக்கும் ஈரத்துக்கும் இசைந்த உயிர்களையே அது முதன்மையாகப் பேணுகிறது. வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே சிவப்புப் பாண்டா துன்புறும். சமவெளியில் அதை வளர்ப்போர் குளிரூட்டும் பொறிகளை நம்பியிருக்க, டார்ஜிலிங்கில் மலைக்காற்றே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

இத்தேர்வின் அருமையை 2003இல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். காட்டில் பெரும்பரப்பில் திரியும் ஊனுண்ணிகளே அடைப்பில் மிகுதியாக நிலைகுலைகின்றன. ஒரே தடத்தில் ஓயாது நடக்கின்றன. அவற்றின் குட்டிகளும் மிகுதியாக இறக்கின்றன. பனிக்கரடிக்குப் பூங்காக்கள் வழக்கமாகத் தரும் இடம், அது காட்டில் ஆளும் குறைந்த அளவு நிலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே என அவர்கள் கணக்கிட்டனர். தன்னால் நன்கு பேண இயலாத விலங்கை வேண்டாவென மறுக்கும் துணிவைச் சிறந்த பூங்காவின் முதல் இலக்கணமாகவே நான் கொள்கிறேன்.

அடுத்தது, கண்ணுக்குப் புலப்படாத மரபுக் கணக்கு. அடைப்பில் வாழும் கூட்டம் சிறியது. சில தலைமுறைகளுக்குள் உடன்பிறந்தவையும் நெருங்கிய உறவுடையவையும் இணையும் நிலை வந்துவிடும். அப்போது கருவளம் குன்றும், குட்டிகள் நலிந்து பிறக்கும், நோயெதிர்ப்பு தளரும். இதைத் தடுக்கவே அரிய இனங்களுக்கு மரபுவழிப் பதிவேடு பேணுகிறார்கள். ஒவ்வொரு குட்டியின் தாய், தந்தை, பிறந்த நாள், இடம்பெயர்ந்த பூங்கா ஆகிய அனைத்தும் அதில் ஏறுகின்றன. கூட்டத்தில் எவ்விலங்குக்கு உறவு குறைவோ, அதன் மரபே அரியது. இணைசேர்ப்பில் அதற்கே முன்னுரிமை. தொடக்கக் கூட்டத்தின் மரபுப் பன்மையில் 90 விழுக்காட்டை நூறாண்டுக்குக் காப்பது பலரும் கொள்ளும் இலக்கு. இதற்காக நாடுகளுக்கிடையேகூட விலங்குகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே மரபு பெருகிய இணையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவைப்பதும் இக்கணக்கின் பகுதிதான். செய்தித்தாளில் மகிழ்வோடு அச்சாகும் குட்டிகளின் எண்ணிக்கை, இக்கணக்கு இல்லையெனில் பெரிதாக எதையும் உணர்த்தாது.

டார்ஜிலிங் பூங்காவின் உண்மையான ஆய்வுக்களம், பார்வையாளர் செல்லாத தோப்கேதாரா இனப்பெருக்க நடுவம். மனித நடமாட்டத்துக்குப் பழகாத குட்டியே காட்டுக்குத் தகும் என்பதால் இவ்வொதுக்கம். அங்கே வளரும் சிவப்புப் பாண்டா, ஊனுண்ணியின் குடலோடு மூங்கில் இலையை உண்டு வாழும் விலங்கு. தின்பதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுவதால் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பங்கை உண்பதிலேயே கழிக்கிறது. ஆகவே நாள்தோறும் புதுமூங்கில் வேண்டும். தின்ற அளவையும் உடல் எடையையும் காப்பாளர் தவறாது கவனிக்கவேண்டும்.

2003இல் இப்பூங்காவில் வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்கள் சிங்கலீலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. ஒன்று கொன்றுண்ணிக்கு இரையாயிற்று. மற்றொன்று காட்டு ஆணோடு இணைந்து குட்டி ஈன்றது. அந்த ஒரு குட்டியை, கூண்டுக்குள் பிறந்த பல குட்டிகளினும் மேலாக நான் மதிக்கிறேன். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் நடுவத்தோடு இணைந்து, அரிய இமயமலை விலங்குகளின் மரபுப்பொருளை உறைநிலையில் சேமிக்கும் பணியையும் பூங்கா பின்னர் மேற்கொண்டது. நீர்ம நைட்ரசனின் −196 பாகைக் குளிரில் உயிரணுக்கள் நெடுங்காலம் சிதையாதிருக்கும்.

மருத்துவத்தின் இடத்தை நமக்கு உணர்த்தியது வண்டலூர். 2021 ஜூனில் அங்குள்ள சிங்கங்களைக் கொரோனா தாக்கியபோது மாதிரிகள் போபாலின் ஆய்வகத்துக்குச் சென்றன. சிங்கங்கள் இரண்டை இழந்தும், ஏனையவற்றைத் தனிமைப்படுத்தி மருத்துவர்கள் மீட்டனர். நோய் நுழையும் வாயில்களை நாளும் காப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அந்நாட்களே சான்று.

சிவப்புப் பாண்டாவுக்கோ நாய்களிடமிருந்து பரவும் நச்சுயிரி நோயான டிஸ்டம்பர் பேரச்சம். மலைக்காடுகளின் ஓரத்தில் திரியும் நாய்களுக்குத் தடுப்பூசி இடாமலும் மூங்கில் அடர்வை மீட்காமலும் அடுத்த பாண்டாவைத் திறந்துவிடுவதில் பொருளில்லை. எனவே பூங்காவினரின் வேலை வேலிக்கு அப்பால் சிங்கலீலாவின் சரிவுகளிலும் வனத்துறையோடு தொடரவேண்டியிருக்கிறது.