கட்சிப் பெயரும் நம் நிலைப்பாடும்: ஓர் இலக்கண நோக்கு

“நீங்கள் எந்தக் கட்சி?” தேர்தல் நெருங்கும் நாள்களில் உணவுக்கடையிலும் திருமண விருந்திலும் தவறாமல் எழும் வினா இது. கேட்பவர் பெரும்பாலும் பகைமையின்றியே கேட்கிறார். எனினும், விடை கூறத் தயங்குவோர் பலர். குறிப்பாக, முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் இளையோருள் சிலர், வீட்டார் வழிவழியாக ஆதரித்த கட்சியின் பெயரைக் கூறிவிடுகின்றனர். வேறு சிலர், “எனக்கு அரசியல் தெரியாது” என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். இவ்விரண்டினும் வேறான வழி ஒன்று உண்டா என ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். நாம் மொழியியல் பயின்றவர்கள் ஆதலின், அரசியலை அதன் சொற்கள் வழியாகவே அணுகுவோம். எக்கட்சியையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ நம் கருத்தன்று.

வினாவின் இலக்கணம்

“நான் இன்ன கட்சி” என்னும் விடையில் வினைச்சொல் இல்லை. ‘நான்’ எழுவாய்; கட்சியின் பெயர் பெயர்ப் பயனிலை. ‘நான் ஆசிரியர்’, ‘நான் தமிழர்’ என்பனவும் இதே அமைப்பின. அஃதாவது, ஆளும் பெயரும் ஒன்றே என்று இத்தொடர் கூறுகிறது. “நான் இன்ன கட்சிக்கு வாக்களித்தேன்” என்னும் தொடரோ வினைமுற்றால் முடிகிறது. வினைச்சொல் காலம் காட்டும். ‘கட்சி’ போன்ற பெயர்ச்சொல் காலம் காட்டாது. ஆகவே, 2018-இல் ஒரு கட்சிக்கும் 2022-இல் மற்றொரு கட்சிக்கும் வாக்களித்தவரிடம் முரண்பாடு எதுவுமில்லை. தம்மையே ஒரு கட்சியின் பெயராகச் சொல்லிக்கொண்டவர் மனம் மாறினால்தான், தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தது போன்ற உணர்வு அவரை வருத்துகிறது.

கட்சி தாவும் உறுப்பினரை மலாய்மொழி வழக்கு ‘காத்தாக்’, அஃதாவது தவளை, என்று எள்ளுகிறது. மலேசியாவில் 2022 அக்டோபர் 5-ஆம் நாள் நடப்புக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, ஒரு கட்சியின் சார்பில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் அக்கட்சியை விட்டு விலகினால் தம் இடத்தை இழப்பார். இஃது ஏற்கத்தக்கதே, அப்பெயரைக் காட்டியன்றோ அவர் வாக்குக் கேட்டார்? ஆனால், இக்கட்டுப்பாடு பேராளருக்கு உரியது. வாக்காளர் அத்தகைய வாக்குறுதி எதனையும் எவருக்கும் அளிக்கவில்லை. சட்டம் விதிக்காத அந்தத் தளையை நாமே நமக்குப் பூட்டிக்கொள்கிறோம்.

காரணம் மறைந்த பெயர்கள்

பெயர்ச்சொற்களை நன்னூல் இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுக்கும். பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். மரம் என்பது இடுகுறி. அரசியல் அடையாளப் பெயர்கள் பல காரணப்பெயராகப் பிறந்து, காலப்போக்கில் இடுகுறிபோல் வழங்குகின்றன.

வலதுசாரி, இடதுசாரி என்பவற்றை நோக்குவோம். 1789-இல் பிரெஞ்சுத் தேசிய மன்றத்தில், மன்றத்தின் முடிவை மறுத்து ஒதுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. வேண்டும் என்றோர் அவைத்தலைவரின் வலப்புறத்திலும், கூடாது என்றோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். இருக்கை வரிசையே பெயராயிற்று. இன்று மன்னரும் இல்லை. அந்த மன்றமும் இல்லை. எனினும், வரி, குடியேற்றம், மருத்துவம் முதலிய அனைத்திலும் உலக மக்களை அவ்விரு வரிசைகளிலேயே அமர்த்திப் பார்க்கிறோம்.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய ‘டோரி’ என்னும் பெயர், கொள்ளையரைக் குறித்த ஐரியச் சொல்லிலிருந்து வந்த வசைமொழி. அதனையே பின்னர் அத்தரப்பினர் தம் பெயராக ஏற்றனர். ‘லிபரல்’ என்னும் சொல் அமெரிக்காவில் இடப்பக்கச் சாய்வுடையோரைக் குறிக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ 1944-இல் தொடங்கப்பட்ட லிபரல் கட்சி வலப்பக்கச் சாய்வுடையது. கடல் கடந்தால் பொருள் மாறும் ஒரு சொல், ஒருவரின் உள்ளக்கிடக்கையை எவ்வாறு முழுமையாக உணர்த்தும்?

பெயர் சில, வினாக்கள் பல

அரசு மருத்துவமனையில் கட்டணம் உயரலாமா? கடுங்குற்றத்திற்கு மரண தண்டனை வேண்டுமா? காட்டை அழித்து நெடுஞ்சாலை அமைக்கலாமா? அந்நியத் தொழிலாளர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமா? தாய்மொழிப் பள்ளிகளுக்கு அரசின் நிதி பெருக வேண்டுமா? இவ்வைந்தில் ஒன்றற்குக் கூறும் விடை மற்றொன்றன் விடையைக் கட்டாயப்படுத்துவதில்லை. இலவச மருத்துவத்தையும் கடுந்தண்டனையையும் ஒருங்கே விரும்புவோர் உண்டு; காட்டைக் காக்க விரும்பிக்கொண்டே அந்நியத் தொழிலாளரை வரவேற்போரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டே விடைகள் எனக் கொண்டாலும், 32 வகை நிலைப்பாடுகள் தோன்றும். இத்தனை வகையினரும் சில கட்சிப் பெயர்களுக்குள் அடங்க வேண்டியுள்ளது. அடங்காமல் எஞ்சுவதுதான் தயங்குவோரின் தயக்கம். அதனை அறியாமை என்று கொள்வது பிழை.

மலேசியாவில் 18 வயதினர் பொதுத்தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தது 2022 நவம்பர் 19-ஆம் நாள். 222 இடங்கள் கொண்ட மக்களவையில் எக்கூட்டணிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. பல்லாண்டுகளாக எதிரெதிரே நின்ற நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் பிற கட்சிகளுடன் சேர்ந்து ஓர் அரசாங்கத்தை அமைத்தன. கட்சிகளே தம் எல்லைகளைத் தாண்டும்பொழுது, அவற்றின் பெயரால் உறவினரோடும் நண்பரோடும் பேச்சை முறித்துக்கொண்டோர் நிலை என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இதனால் கட்சிகள் வேண்டா என்பது பெறப்படாது. 222 பேரும் தனித்தனியே நின்றால் வரவுசெலவுத் திட்டம் ஒன்றை நிறைவேற்றுவதும் அரிது. பலர் கூடிச் செயலாற்றக் கட்சி வேண்டும். வாக்குச்சீட்டில் நாம் ஒன்றையே தேர்ந்தாக வேண்டும். தேர்வதற்கு முன் நம் நிலைப்பாடு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

கட்சிப் பெயர் எதனையும் குறிப்பிடாமல், பொதுவாழ்வு பற்றிய பத்துச் செய்திகளை மாணவர்கள் தேர்ந்துகொள்ளட்டும். ஒவ்வொன்றிலும் தம் கருத்தை வினைமுற்றுடன் கூடிய முழு வாக்கியமாக எழுதட்டும். ‘நான் பசுமைவாதி’ என்று எழுதாமல், ‘ஆற்றில் கழிவு கலக்கும் ஆலையை மூட வேண்டும், வேலை இழப்போருக்கு அரசு உதவ வேண்டும்’ என்று எழுதுதல் வேண்டும். அடுத்து, அவ்வாக்கியம் விழுமியம் பற்றியதா, உண்மைச் செய்தி பற்றியதா, வழிமுறை பற்றியதா எனக் குறிக்க வேண்டும். செய்தியாயின் சரிபார்க்கலாம், விழுமியமாயின் காரணம் கூறலாம், வழிமுறையாயின் வேறு வழி உண்டா என வினவலாம். பின்னர், மாற்றுக் கருத்தினர் கூறக்கூடிய வலுவான காரணம் ஒன்றனையும் எழுத வேண்டும். அறியாதவிடத்து ‘தெரியவில்லை’ என எழுதுவது இழுக்கன்று. வாக்களிக்கும் வயது வந்ததும், அத்தாளைக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

நாமும் இப்பயிற்சியைச் செய்து பார்த்தோம். பத்தில் மூன்றிற்கு எதிரே ‘தெரியவில்லை’ என்றே எழுத நேர்ந்தது. அவற்றுள் இரண்டு, பல ஆண்டுகளாக நாம் குரல் உயர்த்தி வாதிட்டு வந்தவை. நம் கருத்தென்று எண்ணியிருந்தவை, நாம் சார்ந்திருந்த பெயரோடு வந்து சேர்ந்தவை என்பது அப்பொழுதே புலனாயிற்று.

முடிவுரை

தமிழில் காலம் காட்டும் பெயர் ஒன்று உண்டு: வினையாலணையும் பெயர். ‘வாக்களித்தவர்’, ‘எதிர்க்கின்றவர்’, ‘கேட்பவர்’ என்பன பெயர்களே. ஆயினும் வினையிலிருந்து பிறந்து, அவ்வினையின் காலத்தையும் உடன் சுமப்பவை. அரசியலில் நாம் சூடிக்கொள்ளத்தக்க பெயர் இவ்வகையினது. “நீங்கள் எந்தக் கட்சி?” என அடுத்த விருந்தில் எவரேனும் வினவினால், “சென்ற தேர்தலில் இன்ன காரணத்தால் இவருக்கு வாக்களித்தேன், அடுத்ததற்கு இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்” என்று இளையோர் கூசாமல் கூறலாம். அதுவும் முழுமையான விடையே. அவ்விடையை ஆசிரியரும் பெற்றோரும் பொறுமையோடு கேட்பது, அதனைக் கூறும் துணிவை அவர்களுக்கு வளர்க்கும்.