அட்டை செருகிய பிள்ளைகள், திரை பார்க்கும் பிள்ளைகள்

வீட்டில் கணினி என்ற பேச்சே இல்லாத 1967ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபூர்சைக் ஆகியோர் சிறுவர்களுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கணினியைப் பிள்ளைதான் ஏவ வேண்டும் என்பதில் பேப்பர்ட் கடைசி வரை பிடியாக இருந்தார்.

ஆனால் லோகோவுக்கு எழுத்து தெரிய வேண்டுமே, எழுதப் படிக்கத் தெரியாத மழலை என்ன செய்யும்? எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் 1970களின் நடுவில் ஒரு பெட்டி செய்தார். முன்னே போ, திரும்பு, ஒலி எழுப்பு என்று படம் போட்ட பிளாஸ்டிக் அட்டைகளைப் பிள்ளை அதில் வரிசையாகச் செருகும். பொத்தானை அமுக்கினால் 'ஆமை' என்ற சின்ன இயந்திரம் அந்த வரிசைப்படியே தரையில் நகரும். எந்த அட்டையின் முறையோ அதனருகே விளக்கு எரியும். ஆமை தப்பான பக்கம் திரும்பினால், அந்த நொடியில் எரியும் விளக்கைப் பார்த்தாலே போதும். அட்டையை உருவி வேறொன்றைச் செருகலாம். திட்ட ஆளில்லை, மதிப்பெண்ணும் இல்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் யோசனைக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது?

இன்று அந்த வயதுப் பிள்ளையின் கையில் கைபேசி. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. விளையாட்டின் நடுவே விளம்பரம்; அதை மூடும் பெருக்கல் குறியோ மூலையில் கடுகளவு. பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று அதன்மேல் பழி போடுகிறோம். நிறுத்த இடமே வைக்காமல் செய்தவர்களை யார் கேட்பது? பெற்றோர் அனுமதியின்றிச் சிறுவர்களின் தகவல்களைத் திரட்டிய வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019இல் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

நல்ல வழி அடைபட்டுவிடவில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் ஜூனியரில் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் படக் கட்டங்களைக் கோத்துத் தங்கள் கதையை நடக்க வைக்கிறார்கள். இலவசம், விளம்பரமும் இல்லை. பெர்ல்மன் பெட்டியின் நேர் வாரிசு என்றே இதைச் சொல்வேன்.

சிறுவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதோடு பெற்றோரும் ஒன்று செய்யலாம். எந்தச் செயலியையும் பிள்ளையிடம் கொடுக்குமுன் பத்து நிமிடம் நீங்களே ஓட்டிப் பாருங்கள். பிள்ளை சொல்வதை அது கேட்கிறதா, நிறுத்தினால் நிற்கிறதா? இல்லையென்றால் அன்றே நீக்கிவிடுங்கள்.