வாய்ப்பேச்சை நம்பி சபுர் போகலாமா? வெளிநாட்டு வேலையும் நமது சட்டமும்



புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களிலும், அறந்தாங்கி போன்ற உள்ளூர்ப் பகுதிகளிலும் சபுராளிகள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. நம் முன்னோர் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். பள்ளிவாசல் கட்டடம், மதரஸா செலவு, குமர் காரியம், தம்பியின் கல்லூரிக் கட்டணம் என எல்லாவற்றிலும் அவர்களுடைய பங்கு உண்டு.

ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023-24-ல் வெளிநாடுவாழ் இந்தியர்கள் அனுப்பிய தொகை சுமார் 118.7 பில்லியன் டாலர். இதில் தமிழகத்தின் பங்கு 10.4 சதவீதம். இவ்வளவு தரும் உழைப்பாளிக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

1983-ம் ஆண்டுச் சட்டம்

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரைப் பாதுகாப்பது 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகை. அவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன் வேலை ஒப்பந்தம் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம்; விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய்.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்.

விசிட் விசா என்னும் பொறி

"விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பும்போது இவை அனைத்தும் கைநழுவுகின்றன. பதிவான ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை. சம்பளம் வராவிட்டால் தூதரகத்தில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. மையித்தாக ஊர் திரும்பினால் குடும்பம் எதை வைத்து உரிமை கேட்கும்?

"நம்ம ஊர்க்காரர், தொழுகையாளி, ஏமாற்ற மாட்டார்" என்பதே பல வீடுகளில் சொல்லப்படும் காரணம். குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று சிந்தியுங்கள். அல்பகரா 282-வது வசனம், தவணைக் கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்கிறது. அது ஈமான் கொண்டவர்களை அழைத்தே பேசுகிறது. எனவே எழுத்துக் கேட்பது சந்தேகம் அல்ல, மார்க்கத்தின் ஒழுங்கு. கடன் பணத்துக்கே எழுத்து வேண்டுமென்றால், பிள்ளையின் வாழ்க்கைக்கு வேண்டாமா?

மாறியதும் மாற வேண்டியதும்

கஃபாலா முறையில் தொழிலாளி முதலாளியின் பிடியிலேயே இருந்தார். 2020-ல் கத்தார், முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற வழி செய்தது. 2021-ல் சவூதியும் நிபந்தனைகளுடன் இதை அனுமதித்தது. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டு வேலையாட்கள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அந்தச் சவூதிச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் விசாக்களில் இவையும் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

நமது சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது; அபராதமோ 2,000 ரூபாய் வரைதான். பத்தாம் வகுப்புத் தேறியவர் அதே கொத்தனார் வேலைக்குப் போனாலும் கட்டாயப் பதிவு வளையத்துக்குள் வருவதில்லை. பாதுகாப்பைத் தீர்மானிக்க வேண்டியது செய்யும் வேலையா, பள்ளிச் சான்றிதழா? பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வரைவு ஒன்றை 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. இதுபோன்ற வேளைகளில் நம் ஜமாஅத்துகள் கருத்து அனுப்பத் தவறக் கூடாது.

புறப்படும் முன்

ஏஜெண்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை, முதலாளி பெயர் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஐயமிருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையோ, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ அணுகுங்கள். ஜுமுஆவுக்குப் பின் இந்தக் காகிதங்களைப் படித்துச் சொல்லப் படித்த இளைஞர் இருவரை ஒவ்வொரு மஹல்லாவும் நியமித்தால் அதுவும் பெரிய கித்மத்.

ஹலாலான ரிஸ்கைத் தேடிச் செல்லும் நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாத்து, நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.