கொட்டகையில் ஒரு குடித்தனம்

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பங்காருபாளையம் இருக்கிறது. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலை அது. பேருந்தில் செல்வோர்க்கு இருமருங்கும் மாந்தோப்புகளே காட்சி தரும். நாம் கிளிமூக்கு மாம்பழம் என்று சொல்லும் தோத்தாபுரியே அங்குப் பேர்போனது. வைகாசி, ஆனியில் வண்டி வண்டியாக அது கூழ் ஆலைகளுக்குப் போகும். அந்தத் தோப்புகளின் நடுவே கால் நட்டு, மேலே தகடு வேய்ந்த கொட்டகைகளைக் காணலாம். டிராக்டர் நிற்கவும், மாடு கட்டவும், உரமூட்டை அடுக்கவும் எழுந்தவை அவை. அவற்றுள் ஒன்றின் மூலையில் கொடிகட்டித் துணி உலர்த்தியிருந்தால், அங்கே ஒரு குடும்பமும் வாழ்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இது புதுமையன்று. தினைப்புனத்தில் பரண் கட்டி மகளிர் காவல் காத்ததைச் சங்க இலக்கியத்தில் நாம் பயில்கிறோம். இதணம் என்பது அதன் பழம்பெயர். விளைச்சல் இருக்கும் இடத்தில் ஆள் இருந்தே தீரவேண்டும். இல்லையேல் கிளி தின்னும், யானை தின்னும், கள்வன் தின்பான். பலமனேரை அடுத்த கவுண்டின்யக் காட்டு யானைகளுக்கு மாந்தோப்பின் வழி இன்றும் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சென்றால் 'கொட்டாய்' என்று முடியும் சிற்றூர்ப் பெயர்கள் பல உள்ளன. வயலில் போட்ட கொட்டகை குடியிருப்பாகி, குடியிருப்பு ஊரான கதையை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பாளையம் என்ற சொல் மட்டும் என்ன? படை தங்கிய இடந்தானே பிறகு பேரூராயிற்று! தங்க வந்தவன் குடியேறிவிடுவது மனித இயல்பு போலும்.

கடல்கடந்த நாடுகளிலும் இதே கதைதான். வடஜெர்மனியின் பழைய உழவர் இல்லங்களில் ஒரே பெருங்கூரையின்கீழ் ஒரு கோடியில் அடுப்பும் மக்களும், இருபுறமும் மாடுகளும், மேலே வைக்கோலும் இருந்தன. அமெரிக்காவில் 1930களில், தந்திக் கம்பம் போன்ற மரக்கால்களை மண்ணில் நட்டு விலை குறைந்த பண்ணைக் கொட்டகைகளை எழுப்பும் முறை பரவியது. இன்று அதே கொட்டகைக்குள் படுக்கையறையும் சமையலறையும் அமைத்து, 'பார்ன்டோமினியம்' என்று பெயர் சூட்டிச் செல்வரும் வாழ்கின்றனர். அங்கே விருப்பத்தால் நடப்பது இங்கே பெரும்பாலும் தேவையால் நடக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். "கொட்டகையிலேயே ஒரு அறை தடுத்துக்கொண்டால் என்ன?" என்ற கேள்வி இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ நம் வீட்டிலும் எழக்கூடும். படித்த பிள்ளை என்று நம்மைக் கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது?

முதலில் ஒன்றை உணரவேண்டும். கொட்டகை என்பது காற்று புகுந்து வெளியேறுவதற்காகக் கட்டப்படுவது. வீடு என்பது அடைத்துக் காப்பதற்காகக் கட்டப்படுவது. திறந்து கிடந்தவரை தீங்கு செய்யாத பொருள்கள், நான்கு சுவர் எழுந்ததும் தீங்கு செய்யத் தொடங்கும். ஆகவே அறை தடுப்பதென்பது செங்கல் அடுக்கும் வேலை மட்டுமன்று. அந்தக் கட்டடத்தின் இயல்பையே மாற்றும் வேலை.

காலிலிருந்து தொடங்குவோம். மரக்கால் முதலில் இற்றுப்போவது மண்மட்டத்தில்தான். அடியாழத்தில் காற்றுக் குறைவு. மேலே ஈரம் குறைவு. இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்திலேயே பூஞ்சையும் கறையானும் விருந்துண்ணும். கடப்பாரை நுனியால் அவ்விடத்தைக் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கருங்கல் கால் உளுப்பதில்லை. ஆனால் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் கல், பக்கவாட்டு இடியைத் தாங்காது. பின்னோக்கி வரும் டிராக்டர் ஒருமுறை மோதினால் முறிந்துவிடும். எனவே டிராக்டர் நிற்கும் பக்கத்துக் காலுக்கு முன்னே ஒரு தடுப்புக்கல் நடுவது நலம்.

கால்களுக்கிடையே எழுப்பும் சுவருக்குத் தனி அடித்தளம் வேண்டும். "தரைதான் கெட்டியாக இருக்கிறதே" என்று சிமெண்டுத் தளத்தின்மேலேயே சுவர் எழுப்புவோர் உண்டு. கூரையின் பாரத்தைக் கால் தாங்குகிறது. சுவர் தன் பாரத்தைத் தானே சுமக்கவேண்டும். இரண்டும் ஒரே அளவில் அமிழ்வதில்லை. 2021 நவம்பரில் சித்தூர் மாவட்டத்தில் கொட்டித்தீர்த்தது போன்ற மழையில், அடித்தளமற்ற சுவரின்கீழ் மண் கரைந்தால் கதி என்ன? உறங்குபவர்மேல் அது சாயும். அறையின் தரையையும் வெளித்தரையைவிட ஒன்றரை அடியாவது உயர்த்திக்கொள்ளவேண்டும்.

அடுத்தது காற்று. இதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்புறமும் திறந்த கொட்டகையில் புயற்காற்று நுழைந்து மறுபுறம் போய்விடும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்துவிட்டால் அது காற்றைப் பிடிக்கும் கோணிப்பை ஆகிவிடும். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது; மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தகடு பறக்கும். காலே மண்ணைவிட்டுப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே அறையை நாற்புறமும் முழுதாக அடைத்து, எஞ்சிய கொட்டகையில் எதிரெதிரான இரு பக்கங்களைத் திறந்தே வைக்கவேண்டும். தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைக் காலோடும், காலைக் கான்கிரீட்டுக் குழியோடும் பிணைக்கவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவை வீண்.

"தகடு சுடுகிறது, மேலே கான்கிரீட்டுத் தளம் போட்டுவிடலாம்" என்று கொத்தனார் சொல்வார். கணக்கைப் பாருங்கள். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை. 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுத் தளமோ 300 கிலோ. 5 கிலோவுக்காக நட்ட காலின்மேல் 300 கிலோவை ஏற்றுவது அறிவுடைமை ஆகுமா? தளம் வேண்டுமானால் அதற்கெனத் தனித் தூண்களே எழவேண்டும்.

தகடு சுடுவது மெய்தான். சித்திரை வெயிலில் அதன் சூடு 60 டிகிரிக்கும் மேல் ஏறும். ஆனால் உள்ளிருப்பவரை வாட்டுவது வெளிக்காற்றின் வெப்பத்தைவிட, சுட்ட தகடு கீழ்நோக்கி வீசும் அனலே. அந்த அனலை மறித்தால் போதும். தகட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பலகையோ உட்கூரையாக அமைத்து, அந்த இடைவெளியின் இரு கோடிகளிலும் காற்றோட்டத்திற்கு வழிவிட்டால் அறை வாழத் தக்கதாகும். தகட்டின்மேல் வெள்ளையடிப்பது இன்னும் மலிவான துணை. கல்நார்த் தகடு வேய்ந்த பழைய கொட்டகையானால் எச்சரிக்கை வேண்டும். கல்நார் எல்லா வகையும் புற்றுநோய் விளைக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசியே கொடியது. ஆணி அடிக்காமல் உட்கூரையைத் தனிச் சட்டத்தில் நிறுத்துவதே தக்கது.

இனி, அறைக்கும் கொட்டகைக்கும் இடையிலுள்ள அந்த ஒற்றைச் சுவரைப் பற்றிப் பேசவேண்டும். இக்கட்டுரை எழுந்ததே அதன் பொருட்டு என்றாலும் மிகையன்று. சுவரின் அப்புறம் என்ன இருக்கிறது? டிராக்டர், டீசல், பூச்சிமருந்து, வைக்கோல், மாடு. இயந்திரம் ஓடும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் தானே சூடேறும். தெளித்து மீந்த பூச்சிமருந்துப் புட்டி குழந்தையின் கைக்கெட்டும் தாழ்வாரத்தில் கிடக்கும். ஆகவே இந்தச் சுவர் பலருடைய வழக்கப்படி ஏழடியில் நின்றுவிடக்கூடாது. கூரையைத் தொடும்வரை எழவேண்டும், இருபுறமும் பூசப்படவேண்டும். படுக்கும் அறையிலிருந்து டிராக்டர் நிற்குமிடத்திற்கு நேர்க்கதவு வைக்கவே கூடாது. வெளியே வந்து சுற்றிச் செல்வது பத்தடி நடைதானே! பூச்சிமருந்துக்குப் பூட்டுள்ள தனிப்பெட்டி, அறைக்கு எட்டாத கோடியில். மாடு கட்டுமிடத்தின் தரை அறையைவிட்டு விலகிச் சரியவேண்டும். இல்லையேல் கோமியம் சுவரடியில் ஊறி நெடியும் ஈரமும் ஓயா.

ஓர் அளவையும் சொல்லிவைக்கிறேன். கறவைப்பசு ஒன்றுக்குக் கூரைக்குக்கீழ் 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று கால்நடை நூல்கள் விதிக்கின்றன. மனிதர் வாழும் அறை 9.5 சதுர மீட்டருக்கும், அதன் அகலம் 2.4 மீட்டருக்கும், உயரம் 2.75 மீட்டருக்கும் குறையலாகாது என்று இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு கூறுகிறது. பசுவுக்குரிய அளவைக் கேட்டறிந்து கட்டுகிற நாம், தோப்புக் காவலர் குடும்பத்தை எத்தனை சதுர மீட்டரில் வைத்திருக்கிறோம்? அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஓர் அளவுநாடா கொண்டு செல்லுங்கள். பெரும்பாலும் கொட்டகையில் உறங்குபவர் அதன் உரிமையாளர் அல்லர். எனவே அளக்கவேண்டிய கடமை உரிமையாளர் வீட்டுப் பிள்ளைக்கே உண்டு.

மின்சாரம்: பம்புசெட்டு இணைப்பிலிருந்து ஒரு கம்பியை அறைக்கு இழுப்பது பரவலான பழக்கம். அது விதிக்குப் புறம்பானது. அந்த மின்சாரம் நாள் முழுதும் வருவதுமில்லை. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இரும்புக் காலும் இரும்புத் தகடும் உள்ள கொட்டகையில் எங்கோ ஒரு கம்பியின் உறை தேய்ந்தால் கட்டடம் முழுவதிலும் மின்சாரம் பாயும். மழைநாளில் ஈரக்கையோடு தூணைப் பிடித்தவர் கதி என்னாவது? வீட்டு இணைப்பைத் தனியே பெற்று, தகட்டையும் காலையும் நிலத்தோடு இணைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தவேண்டும். மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிக அற்பம்.

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல், பள்ளப்பக்கமாக இருக்கட்டும். யானை வரும் தோப்பானால் அரிசி, வெல்லம், உப்பு மூட்டைகளைத் தகரத் தடுப்புக்குள் வைக்கவேண்டா. அவற்றின் மணத்தைத் தேடி வரும் யானைக்குத் தகரம் ஒரு பொருட்டன்று.

வேலையை எப்போது தொடங்குவது? கையில் பணம் வருவது மாங்காய் விற்றபின். அப்போது ஆடி பிறந்துவிடும். ஆடியில் நம்மவர் வீட்டுவேலை தொடங்கமாட்டார். ஆவணியில் தொடங்கினால் சுவர் பாதியில் நிற்கும்போது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். பணத்தைக் கரையாமல் தை வரை காத்தால், தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் வானம் வெளுத்திருக்கும். பங்குனிக்குள் சுவரும் உட்கூரையும் முடிந்துவிட்டால், வைகாசியில் காவலுக்கு வரும் குடும்பம் புது அறையிலேயே பாய் விரிக்கலாம்.